எண்கள் இருக்கின்றன, பொறுப்பேற்க ஆள் இல்லை: ஜவ்வரிசி ஆலையில் என்ன செய்யலாம்?

ஆத்தூர் ஆலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆத்தூருக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஜவ்வரிசி ஆலை ஒன்று இருக்கிறது. தாத்தா தொடங்கியதை அப்பா வளர்த்தார். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நான், கடந்த இரண்டு பருவங்களாக அன்றாட நிர்வாகத்தைக் கவனித்துவருகிறேன். பருவத்தில் 45 பேர் வேலை செய்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு இறக்குமிடம், அரவை, தொட்டி, வறுவல், களம் ஆகிய ஐந்து பகுதிகளையும் ஐந்து மேஸ்திரிகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்ற பருவத்தில் நான் ஒரு தாள் தயாரித்தேன். அதில் 23 எண்கள் இருந்தன. வந்த லாரிகள், எடை, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு), அரைத்த டன், மின்கட்டணம், விறகு, தண்ணீர், திப்பியின் (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையின்) அளவு, மூட்டைகள், ஆள்வரவு என்று எதையும் விட்டுவிடவில்லை. திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு மேஸ்திரிகளை உட்காரவைத்து அந்தத் தாளை வாசிக்கிறேன். எண்கள் தவறாமல் வருகின்றன, ஆனால் எந்த எண்ணுக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. ரெக்கவரி, அதாவது நூறு கிலோ கிழங்குக்குக் கிடைக்கும் ஜவ்வரிசி, குறைந்தால் அரவை மேஸ்திரி கிழங்கைக் காரணம் சொல்கிறார், இறக்குமிடத்து மேஸ்திரி லாரி தாமதமாக வந்ததைச் சொல்கிறார், தொட்டி மேஸ்திரி சல்லடையைச் சொல்கிறார், களத்து மேஸ்திரி வெயிலைச் சொல்கிறார். இவர்களில் ஒருவரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் நிலைமை விளங்கும். கார்த்திகை மாதத்தில் தொடர்ந்து பத்து நாட்களில் நூறு கிலோ கிழங்குக்கு எங்களுக்குக் கிடைத்த ஜவ்வரிசி, கிலோ கணக்கில், இப்படி இருந்தது: 22.4, 21.8, 22.9, 22.1, 21.5, 22.6, 22.0, 22.8, 21.9, 22.0. ஐந்தாம் நாளின் 21.5-ஐப் பார்த்ததும் அப்பா அரவை மேஸ்திரியை அனைவர் முன்னிலையிலும் கடுமையாகக் கண்டித்துவிட்டார். ஆறாம் நாளின் கணக்கு 22.6 என்று வந்தபோது, "பார்த்தாயா, சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால் வேலை நடக்கும்" என்று என்னிடம் சொன்னார். அரைத்த கிழங்கு தொட்டியில் படிந்து, உருண்டையாகி, வறுபட்டு, களத்தில் காய்ந்து எடைக்கு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பதால், ஒவ்வொரு நாளின் கணக்கும் எங்களுக்குத் தாமதமாகவே தெரியவரும்.

அந்த மேஸ்திரி எங்கள் ஆலையில் 19 ஆண்டுகளாக இருப்பவர். அன்றிலிருந்து கூட்டத்தில் அவர் வாய் திறப்பதே இல்லை.

எத்தனை எண்களை, எவற்றை வைத்துக்கொள்வது, ஒவ்வோர் எண்ணுக்கும் யார் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிழங்கைக் கையில் ஒடித்துப் பார்த்தே கொள்முதலை முடிவு செய்யும் அப்பாவின் அனுபவத்தை அவமதிக்காமல் இந்த எண்களை முடிவுகளுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதும் புரியவில்லை. இதே பாதையில் நடந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தரக்கட்டுப்பாடு, ஓய்வு (சேலம்)

அம்மா, பத்து நாள் எண்களையும் அப்படியே எழுதியது நல்லதாயிற்று. அவை இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பொதுவான அறிவுரைதான் சொல்ல முடிந்திருக்கும். எஃகுத் தகட்டு ஆலையில் முப்பது ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்ற முறையில், அந்த எண்களை வைத்தே பேசுகிறேன்.

அவற்றின் சராசரி 22.2. அடுத்தடுத்த இரு நாட்களுக்கு இடையிலான வித்தியாசத்தை, கூடியதா குறைந்ததா என்று பாராமல், வரிசையாக எழுதிப் பாருங்கள்: 0.6, 1.1, 0.8, 0.6, 1.1, 0.6, 0.8, 0.9, 0.1. இந்த ஒன்பதின் சராசரி ஏறத்தாழ 0.73. அதை, இந்த முறைக்கென்று உள்ள மாறாத எண்ணான 2.66 ஆல் பெருக்கினால் 1.95 வரும். சராசரியோடு அதைக் கூட்டினால் மேல் எல்லை 24.15, கழித்தால் கீழ் எல்லை 20.25. உங்கள் ஆலை இப்போது இருக்கிற நிலையில், இதே இயந்திரங்களோடும் இதே கொள்முதல் முறையோடும் ஓடும்வரை, எண் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். 21.5 என்பது அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்ட எண். அன்று அரவையில் தனியாக எதுவும் நடந்ததற்கு அந்த எண்ணில் சான்று இல்லை. எல்லைக்கு வெளியே ஓர் எண் விழுந்தாலோ, தொடர்ந்து எட்டு நாட்கள் சராசரிக்கு ஒரே பக்கத்தில் நின்றாலோதான், ஏதோ மாறியிருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். பத்து நாள் என்பது குறைவான அளவு. இருபது நாட்கள் சேர்ந்ததும் எல்லைகளை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறை புதிதன்று. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924-ல் ஒரு சிறிய குறிப்பில் இதன் அடிப்படையை வரைந்து காட்டினார். அவரிடம் கற்ற எட்வர்ட்ஸ் டெமிங், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு அதைக் கொண்டுசென்றார். அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது நம் தமிழ்நாட்டு நிறுவனம்தான்: 1998-ல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. ஆகவே இது நம் ஊர்த் தொழிலாளர்களுக்குப் புரியாத வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கட்டத் தாளும் பென்சிலும் போதும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டுகிறேன், ஏனெனில் இது ஒரு மனிதரின் மரியாதையைப் பற்றியது. ஒரு நாளின் கணக்கு இரண்டு மூன்று நாட்கள் கழித்தே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தாம் நாள் எண் உங்கள் கைக்கு வந்தது ஏழாம் நாளிலோ எட்டாம் நாளிலோதான். தங்கள் தந்தையார் கண்டித்த நேரத்தில் ஆறாம் நாள் கிழங்கு அரைபட்டு முடிந்து களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. 22.6-ஐ அந்தக் கண்டிப்பு உண்டாக்கியிருக்க வழியே இல்லை. மிகத் தாழ்ந்த எண்ணுக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும். கண்டித்தாலும் திரும்பும், கண்டிக்காவிட்டாலும் திரும்பும். தலைமையில் இருப்பவர்கள் கண்டிப்பு பலிக்கிறது என்று காலமெல்லாம் நம்புவதற்கு இந்தத் திரும்புதல்தான் காரணம் என்பது என் அனுபவம். அந்த மேஸ்திரியிடம் தங்கள் தந்தையாரே ஒரு வார்த்தை பேசுவது நல்லது. அது நடக்காமல் எந்தத் தாளும் எந்தக் கூட்டமும் உங்கள் ஆலையில் வேரூன்றாது.

எல்லைக்குள் ஆடும் எண் முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்றே கொள்ளுங்கள். சராசரி 22.2 போதாது என்றால் அரவைப் பல்லையோ சல்லடையையோ கொள்முதலையோ தண்ணீரையோ மாற்ற வேண்டும், அதற்குப் பணமும் அதிகாரமும் உங்கள் குடும்பத்திடம்தான் இருக்கின்றன.

ஏற்காடு தோட்டம்

ஐயா சொன்னதற்குப் பின் நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை என்றாலும், எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் மலையில் நடந்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பது இங்கே பலருக்கும் தெரியும். பறித்த பழத்தை மாலையில் நிறுத்துக் கூலி கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் வெகுகாலமாக இருந்துவருகிறது. நான் மேலாளராகச் சேர்ந்த தோட்டத்திலும் ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ என்பதுதான் ஒரே எண்.

கிலோ கூடியது. அதோடு பச்சைக்காயும் கூடியது. கிளையைக் கையால் உருவினால் மூட்டை சீக்கிரம் நிறையும், ஆனால் பழுத்ததோடு பழுக்காததும் வந்துவிடும். பச்சைக்காய் பல்ப்பரில் (பழத்தோல் உரிக்கும் இயந்திரத்தில்) சரியாகத் தோல் உரிவதில்லை, கொட்டை வெட்டுப்படும், சுவையும் கெடும். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும் தொழிலில், கீழே பழத்தின் எடை ஏறிக்கொண்டிருக்க, மேலே கொட்டையின் விலை இறங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் எடைக்கு ஒரு துணை எண்ணைச் சேர்த்தோம். மாலை நான்கு மணிக்கு, பனி இறங்கத் தொடங்கும் நேரத்தில், எடை போடும் கொட்டகையில் ஒவ்வொருவரின் மூட்டையையும் தார்ப்பாயில் கொட்டுவோம். வேறொரு வரிசையில் பறித்தவர் குவியலுக்குள் முழங்கைவரை கைவிட்டு, அள்ளியதில் நூறு காய்களை எண்ணி வைப்பார். அவற்றில் சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, கறுத்துக் காய்ந்தவை எத்தனை என்று பறித்தவர் முன்னிலையிலேயே கரும்பலகையில் எழுதுவோம். மேலாக அள்ளினால் நல்ல பழமாகத்தான் வரும் என்பதால் முழங்கைவரை என்பது முதல் வாரத்திலேயே விதியானது, அந்த விதியைச் சொன்னதும் பறிக்கிற பெண்கள்தான். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ், அளவை அளக்கும் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் தரத்தை அளக்கும் ஓர் எண்ணையும் இணையாக நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். அதை நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்து நடந்ததை. மூன்று வாரக் கணக்கைப் பார்த்தபோது ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இல்லை, காட்டுக்குக் காடு இருந்தது. மேல்காட்டில் யார் பறித்தாலும் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாமல் பச்சை. நான் கூட்டத்தில் காரணம் கேட்டபோது, ஓர் அம்மாள் எழுந்து, "மேல்காட்டில் குளிர் அதிகம், பழம் மெதுவாகத்தான் பழுக்கும். ஏழாம் நாளே எங்களைத் திரும்ப அனுப்பினால் பச்சையைத்தவிர அங்கே என்ன இருக்கும்?" என்று கேட்டார். எந்தக் காட்டுக்கு எத்தனை நாள் இடைவெளியில் ஆள் அனுப்புவது என்பதை எழுதுகிறவன் நான். அந்த எண்ணுக்குப் பொறுப்பாளி நான்தான் என்று அன்று பலகையில் என் பதவியை எழுதி வைத்தேன். மேல்காட்டு இடைவெளியைப் பன்னிரண்டு நாளாக்கிய பிறகுதான் பச்சை குறைந்தது.

உங்கள் 23 எண்களிலும் மேலாளர் பெயரோ முதலாளி பெயரோ எதிரே எழுதப்பட்டவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் மேஸ்திரிகள் மௌனமாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

தங்கச்சி, நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். எங்கள் தொழிலில் காலையில் ஒவ்வொருவருக்கும் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பதும் மாலையில் நிறுத்து வாங்குவதும் தலைமுறைகளாக நடக்கிற வழக்கம், ஆகவே அளப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் அளந்ததை வைத்து நான் பல ஆண்டுகள் தவறாகவே முடிவெடுத்தேன். அதைச் சொல்கிறேன்.

பொடி வைத்து ஊதுகிற மேசையில் சேதாரம் எப்போதும் இல்லாததுபோலவே வரும், அரம் போட்டு மெருகேற்றுகிற மேசையில் எப்போதும் அதிகமாக வரும். ஊதுகிறவரைப் பாராட்டுவேன், மெருகுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஒருநாள் என் தம்பி மனைவி, கணக்கு எழுத வந்தவர், சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "பற்றவைக்கும்போது சேர்க்கிற பொடிக்கு எடை கிடையாதா, அக்கா?" பொடியின் எடை கொலுசோடு சேர்ந்துவிடுகிறது. அங்கே உதிர்ந்த வெள்ளியை அந்தப் பொடி எடையில் ஈடுகட்டிவிடுவதால் தராசு நஷ்டத்தைக் காட்டவில்லை. பொடியைத் தனியாக நிறுத்து, இரண்டு மேசைகளையும் டச் (வெள்ளியின் தூய்மை) கணக்கில் சுத்த வெள்ளியாக மாற்றிப் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. மெருகுக்காரர் மேசையில் உதிர்ந்ததில் பெரும்பகுதி தூளாகக் கூட்டி எடுக்கப்பட்டு உருக்குவதற்குத் திரும்பியது. ஊதுகிற மேசையில் உதிர்ந்தது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் அந்த மெருகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே பெயர் எழுதுவதற்கு முன்னால், எண்ணின் பொருளை எழுதுங்கள். உங்கள் ரெக்கவரிக்கு அடியில் இருக்கும் அந்த நூறு கிலோ எது? எடைமேடையில் மண்ணோடும் காம்போடும் நின்ற லாரியின் எடையா, கழுவித் தோல் நீக்கிய கிழங்கின் எடையா? மழை பெய்து மண் ஒட்டிய நாளில் இவை இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அரவை மேஸ்திரியின் தலையில் விழும். ஐந்து மேஸ்திரிகளையும் தனித்தனியே அழைத்து "ரெக்கவரி என்றால் என்ன, எப்படிக் கணக்கிடுகிறோம்" என்று கேட்டுப் பாருங்கள், ஐந்து விடைகள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பெயரைப் பற்றி நான் கடைப்பிடிக்கிற வழக்கம் ஒன்றுதான். அந்த எண் கெட்டுப்போகும்போது, யாரையும் கேட்காமல் உடனே ஒரு காரியத்தைச் செய்து அதைச் சரிசெய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ, அவர் பெயரைத்தான் எழுதுவேன். அப்படி ஒருவரும் இல்லையென்றால் முதலில் அதிகாரத்தைக் கொடுப்பேன், பிறகு பெயரை எழுதுவேன். கெட்டுப்போன கிழங்கு வந்தால் திருப்பி அனுப்ப இறக்குமிடத்து மேஸ்திரிக்கு உரிமை இருக்கிறதா? அரவைப் பல் மழுங்கினால் உங்கள் அப்பாவைக் கேட்காமல் மாற்ற அரவை மேஸ்திரியால் முடியுமா? முடியாதென்றால் ரெக்கவரி அவருடைய எண் இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன், முடிவெடுப்பதில் எனக்கு மிகுந்த தெளிவைத் தந்தது இதுதான். எண் வருவதற்கு முன்பே, அது எப்படி வந்தால் என்ன செய்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். "இந்த மேசையில் சேதாரம் இந்த அளவைத் தாண்டி மூன்று நாள் போனால் நான்காம் நாள் அந்த வேலையை நிறுத்திக் கருவிகளைப் பார்ப்போம்" என்று. எந்த விளைவையும் எழுத முடியாத எண்ணைத் தாளிலிருந்து நீக்கிவிடுவோம், அப்படித்தான் எங்கள் தாள் ஆறு வரிகளுக்குச் சுருங்கியது. எண் வந்தபிறகு கூடிப் பேசினால், உரத்த குரல் உடையவர் பேச்சே முடிவாகிவிடுகிறது.

இளம்பிள்ளை தறி

நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தயவுசெய்து இந்த எண்களை உடனே கூலியோடும் போனஸோடும் கட்டிவிடாதீர்கள். நாங்கள் பழுது இல்லாத சேலைக்கு ஊக்கத்தொகை அறிவித்த மாதத்தில் பழுதுகள் பாதியாயின, சந்தைக்குப் போனபின் திரும்பி வந்த சேலைகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. பிரித்துப் பார்க்கிறவர், தறியில் இருக்கிறவர்மேல் இரக்கப்பட்டுச் சிறிய பழுதுகளை எழுதாமல் விட்டிருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, அப்படிச் செய்யும்படி அவரைத் தள்ளியது நான் போட்ட திட்டம். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-லேயே பணக்கொள்கையை வைத்து இதே இயல்பைச் சுட்டிக்காட்டினார். ஓர் எண்ணைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் அது பழையபடி உண்மையைக் காட்டுவதை நிறுத்திவிடும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஊழியர்கள் விற்பனை இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தது 2016-ல் வெளிவந்து, அந்த வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியதும் இதே வகைதான். ஒரு பருவமாவது எண்களைக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆத்தூர் ஆலை (மூன்று வாரங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் தாளில் எடுத்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

ஐயா, தேதிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை அரவைப் பகுதிக்குப் போய், இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே அந்த மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேஸ்திரி பேசினார்.

அவர் சொன்னது இப்போது எங்கள் தாளில் ஒரு வரி. "ரெக்கவரி தெரிய மூன்று நாள் ஆகிறது, ஆனால் அரவை சரியில்லை என்றால் மாவு திப்பியிலேயே தங்கிவிடும், அதை அன்றைக்கே பார்க்கலாம்" என்றார். ஒரு கிலோ ஈரத் திப்பியைத் துணியில் கட்டி, ஒரு வாளித் தண்ணீரில் நூறு முறை பிசைந்து பிழிந்து, அந்தப் பாலை உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்கிறார். மாலைக்குள் அடியில் மாவு படிந்துவிடும். எத்தனை விரல் கனம் என்று முதலில் பார்த்தோம், இப்போது குடுவையில் மில்லிமீட்டர் தாளை ஒட்டியிருக்கிறோம். படிவு 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் அவர் யாரையும் கேட்காமல் அரவைப் பல்லை மாற்றலாம் என்று எழுதி அப்பா கையெழுத்திட்டிருக்கிறார். உதிரிப் பற்கள் முன்பு அலுவலகப் பீரோவில் இருந்தன, இப்போது சாவி அவரிடம் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா சொன்னபடி ஐவரிடமும் ரெக்கவரிக்குப் பொருள் கேட்டேன், மூன்று விதமான விடைகள் வந்தன. இனிக் கழுவிய கிழங்கின் எடைதான் கணக்கு என்று முடிவாயிற்று. 23 எண்கள் ஐந்தாகிவிட்டன: பிடுங்கிய நேரத்திலிருந்து அரவைக்குப் போகும்வரை கிழங்கு காத்திருந்த மணிநேரம், திப்பியில் தங்கிய மாவு, ரெக்கவரி, மாதிரியின் நிறமும் ஈரமும், விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்பது. இவற்றில் முதலாவதற்கும் கடைசிக்கும் எதிரே என் பெயர் இருக்கிறது. ரெக்கவரி வரைபடத்துக்கு எதிரே அப்பாவின் பெயர்.

ஒரு சிக்கல் தீரவில்லை. மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே உள்ளே நீலக்கறுப்பாகக் கோடு ஓடிக் கெடத் தொடங்கிவிடும். ஆகவே காத்திருக்கும் நேரம் தொடர்ந்து இரண்டு நாள் 24 மணியைத் தாண்டினால் புதிய லாரிகளை நிறுத்துவது என்று எழுதலாம் என்றேன். அப்பா ஒப்பவில்லை. "ஆள் பிடித்துப் பிடுங்கிவிட்டவனைப் பார்த்து நாளைக்கு வா என்று சொன்னால், அந்த நஷ்டத்தை அவன் தலையில் கட்டுகிறோம். அடுத்த பருவம் அவன் வேறு ஆலைக்குப் போவான், போவதும் நியாயம்" என்கிறார். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. அப்படியானால் இந்த எண்ணுக்கு என்ன விளைவை எழுதுவது?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

உங்கள் அப்பா சொல்வதை விதியாகவே எழுதிவிடுங்கள், தங்கச்சி: பிடுங்கிய கிழங்கைத் திருப்புவதில்லை. அப்போது முடிவெடுக்க வேண்டிய இடம் ஆலை வாசலிலிருந்து ஒரு படி முன்னால், காட்டுக்குப் போகிறது. யார் எந்த நாளில் பிடுங்குவது என்பதை நீங்கள் முந்தைய நாள் மாலைக்குள் உறுதிசெய்கிறீர்களா, அல்லது அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்களா? காத்திருக்கும் நேரம் கூடினால் வாசலில் நிற்கிற லாரியைத் தொடாமல், மறுநாளைக்கான பிடுங்கல் ஒப்புதலைக் குறையுங்கள். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயர் இருப்பது அதனால்தான் பொருத்தம்.

தரக்கட்டுப்பாடு, ஓய்வு (சேலம்)

தங்கள் தந்தையாரின் கைப்பழக்கத்தைப் பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள், நான் அப்போது விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். பல ஆண்டுகள் கிழங்கை ஒடித்துப் பார்த்தவரின் கையும் ஓர் அளவுகோல்தான். அது எழுதப்படாமல் இருப்பதுதான் குறை. ஒவ்வொரு லாரிக்கும், தண்ணீரில் நிறுத்துப் பாயிண்ட் பார்ப்பதற்கு முன், அவர் ஒடித்துப் பார்த்துத் தன் கணிப்பைச் சிலேட்டில் எழுதட்டும். கணிப்பையும் பாயிண்ட்டையும் பின்னர் வரும் ரெக்கவரியையும் ஒரே வரியில் பதிவு செய்யுங்கள். எங்கே அவர் கணிப்பு தராசைவிட நெருங்கி வருகிறது, எங்கே விலகுகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நெருங்குகிற இடத்தில் அந்தக் கையை இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆத்தூர் ஆலை

நேற்று தொடங்கினோம், ஐயா. ஆறு லாரிகள் வந்தன. பாயிண்ட்டோடு ஒப்பிட்டால் நான்கில் அப்பாவின் கணிப்பு அரைப் பாயிண்ட்டுக்குள் இருந்தது. மற்ற இரண்டில் அவர் கூடுதலாக எழுதியிருந்தார். இரண்டும் கிழங்கு பிடுங்கி 30 மணிநேரத்துக்கு மேலானவை என்று இறக்குமிடத்து மேஸ்திரியின் பதிவில் இருந்தது. அப்பா அந்த இரண்டு லாரிகளிலிருந்தும் மறுபடி கிழங்கெடுத்து, இந்த முறை நடுவில் ஒடிக்காமல் காம்புப் பக்கம் ஒடித்துப் பார்த்தார். நீலக்கோடு அங்கேதான் தொடங்கியிருந்தது. இனி இரண்டு இடத்திலும் ஒடிக்க வேண்டும் என்று சிலேட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார். நாளைக்குப் பிடுங்குகிறவர்களின் பட்டியலை இன்று மாலை ஐந்து மணிக்கு நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து போடுகிறோம்.